ஆயுதக் குழுக்களுக்குக் கெடு வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'இத்தனை நாளுக்குள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும்' என்று எங்காவது ஓர் ஆயுதக் குழுவுக்குக் கெடு வைக்கப்பட்டால், உடனே கிளம்பும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். பதில்கள் பெரும்பாலும் வட அயர்லாந்தைச் சுற்றியே வரும். 1995 முதல் 2010 வரை அங்கே விதவிதமான கெடுக்கள் வைக்கப்பட்டன. பல தவறின, சில பலித்தன. எது ஏன் பலித்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது நல்ல இடம்.

துணை ராணுவம்னா சி.ஆர்.பி.எஃப். மாதிரியா? அரசாங்கப் படைக்கு எதுக்குக் கெடு?

இல்லை. இந்தியாவில் துணை ராணுவம் என்றால் அரசு சம்பளம் வாங்கும் படை. வட அயர்லாந்துச் செய்திகளில் 'பாராமிலிட்டரி' என்று வருவது, அரசுக்குக் கட்டுப்படாமல், ராணுவம் போலவே படைப்பிரிவு, தளபதி என்று அமைத்துக்கொண்ட தலைமறைவுக் குழுக்களை. குழப்பம் வராமல் இருக்க இங்கே 'ஆயுதக் குழு' என்றே எழுதுகிறோம்.

அங்கே இரண்டு பக்கம் உண்டு. பிரிட்டனிலிருந்து பிரிந்து அயர்லாந்துக் குடியரசோடு சேர வேண்டும் என்றவர்கள் ரிபப்ளிகன்கள்: ஐ.ஆர்.ஏ., அதைவிடச் சிறிய ஐ.என்.எல்.ஏ. பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்றவர்கள் லாயலிஸ்டுகள்: யு.வி.எஃப்., யு.டி.ஏ., எல்.வி.எஃப். 1960-களின் இறுதியில் தொடங்கி முப்பது ஆண்டுகளில் சுமார் 3,500 பேர் உயிரிழந்தார்கள். ஐ.ஆர்.ஏ. 1994 ஆகஸ்ட் 31-லும், லாயலிஸ்டுகள் அதே ஆண்டு அக்டோபர் 13-லும் போர்நிறுத்தம் அறிவித்தார்கள். துப்பாக்கிகளை என்ன செய்வது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுந்தது.

கெடு வைக்கிறதுன்னா ஒரு தேதியை அறிவிச்சாப் போதாதா?

போதாது. தேதி என்பது கெடுவின் ஆறில் ஒரு பங்குதான். எது ஆயுதம், யாரிடம் கொடுப்பது, கொடுத்ததை யார் எண்ணிச் சொல்வது, கொடுத்தால் என்ன கிடைக்கும், கொடுக்காவிட்டால் என்ன போகும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் சண்டை அந்த இடத்தில்தான் வெடிக்கும்.

ஒழுங்காக எழுதப்பட்ட கெடுவுக்கு இந்தோனேசியாவின் அச்சே மாகாணம் உதாரணம். 2005 ஆகஸ்ட் 15-ல் ஹெல்சிங்கியில் கையெழுத்தான உடன்படிக்கையில் எல்லாம் எண்ணிக்கையோடு இருந்தது. அச்சே விடுதலை இயக்கம் 840 ஆயுதங்களைத் தர வேண்டும்; செப்டம்பர் 15-ல் தொடங்கி நான்கு கட்டங்களாக டிசம்பர் 31-க்குள் முடிக்க வேண்டும்; ஒவ்வொரு கட்டத்துக்கும் ஈடாக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ராணுவமும் போலீசும் கிளம்ப வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் சேர்ந்து அனுப்பிய கண்காணிப்புக் குழு எண்ணியது. கெடுவுக்குப் பத்து நாள் முன்பே வேலை முடிந்தது.

அங்கேயும் தகராறு இல்லாமல் இல்லை. இயக்கம் கொண்டுவந்தது 1,018; அதில் 178 தள்ளுபடியாகி மிச்சம்தான் கணக்கில் சேர்ந்தது. வீட்டில் செய்த துப்பாக்கி கணக்கில் வருமா, சுட முடியாத துருப்பிடித்தது வருமா என்பதை முதலிலேயே பேசி வைத்திருந்ததால் தகராறு மேசையோடு நின்றது.

ஒப்படைக்க வர்றவனை போலீஸ் அங்கேயே பிடிச்சா?

முதலில் தீர்க்க வேண்டிய விஷயம் இதுதான். உரிமம் இல்லாத துப்பாக்கியோடு ஒருவர் வீட்டை விட்டு இறங்கினாலே குற்றம். ஆகவே கெடுவுக்கு முன்னால் சட்டம் வர வேண்டும். 1997-ல் பிரிட்டனும் அயர்லாந்தும் தனித்தனியே ஆயுதக் களைவுச் சட்டம் இயற்றின. திட்டத்தின்படி ஆயுதத்தைக் கொண்டுவருவது, கொடுப்பது, அழிப்பது ஆகியவற்றுக்காக யார் மீதும் வழக்கு வராது. ஒப்படைத்த ஆயுதத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. ரேகை, தோட்டா ஒப்பீடு போன்ற தடயச் சோதனையும் கூடாது. பாதுகாப்பாகக் கையாள முடியுமா என்று மட்டும் பார்க்கலாம்.

இது பொது மன்னிப்பு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய கொலைக்கு வழக்கு இருந்தால் அது அப்படியே இருக்கும். மன்னிப்பு அந்த ஒப்படைக்கும் செயலுக்கு மட்டும். ஆனால் அந்தத் துப்பாக்கியில் இருந்த தடயம் துப்பாக்கியோடு போய்விடும். தங்கள் பிள்ளையைக் கொன்ற துப்பாக்கி எது என்று இனி ஒருபோதும் தெரியாது என்பதை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் விழுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்களும் அந்த விலையை மறக்கக் கூடாது.

ஒப்படைக்கும் வழிகளாகச் சட்டம் நான்கைச் சொன்னது: இதற்கென அமைக்கப்பட்ட சுயேச்சையான ஆயுதக் களைவு ஆணையத்திடம் நேரில் கொடுப்பது, ஓரிடத்தில் வைத்துவிட்டு ஆணையம் எடுத்துக்கொள்ள விடுவது, பதுக்கிய இடத்தைத் தகவலாகச் சொல்வது, வைத்திருப்பவர்களே அழிப்பது. அழிப்பது என்றால் நிரந்தரமாகப் பயன்படாமல் செய்வது, அல்லது நிரந்தரமாக எடுக்க முடியாமல் செய்வது.

முதல்ல ஆயுதத்தைக் கீழ போடு, அப்புறம் பேசலாம்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாமே?

அப்படித்தான் தொடங்கினார்கள். 1995 மார்ச்சில் வட அயர்லாந்துக்கான பிரிட்டிஷ் அமைச்சர் பேட்ரிக் மேஹ்யூ வாஷிங்டனில் மூன்று நிபந்தனை வைத்தார்: கொள்கையளவில் ஆயுதம் களையச் சம்மதிக்க வேண்டும், எப்படிக் களைவது என்று பேசி முடிக்க வேண்டும், நம்பிக்கை வரும்படி கொஞ்சமாவது உடனே கொடுக்க வேண்டும். முதல் இரண்டிலும் பெரிய சிக்கல் இல்லை. மூன்றாவது மாட்டிக்கொண்டது. பேச்சுக்கு முன்னால் ஆயுதத்தைக் கொடுப்பது சரணாகதி என்று ஐ.ஆர்.ஏ. பார்த்தது.

முடிச்சை அவிழ்க்க, அமெரிக்காவின் ஜார்ஜ் மிட்செல், ஃபின்லாந்து முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி, கனடா ஜெனரல் ஜான் டி சாஸ்ட்லேன் ஆகிய மூவர் குழு அமைக்கப்பட்டது. 1996 ஜனவரியில் வந்த அதன் அறிக்கை, முன்பும் வேண்டாம், முடிவிலும் வேண்டாம், பேச்சு நடக்கும்போதே இணையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் களையலாம் என்றது. லண்டன் அதை முழு மனதோடு எடுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரி 9-ல் லண்டன் துறைமுகப் பகுதியில் ஐ.ஆர்.ஏ. குண்டு வெடித்து இருவர் இறந்தார்கள், போர்நிறுத்தம் முறிந்தது. மீண்டும் வந்தது 1997 ஜூலையில். அந்தப் பதினேழு மாதத்தில் ஒரு துப்பாக்கிகூட வந்து சேரவில்லை.

1998 ஒப்பந்தத்துல ரெண்டு வருஷம்னு தேதி இருந்துச்சே, அது ஏன் தவறிப்போச்சு?

1998 ஏப்ரல் 10 பெல்ஃபாஸ்ட் அமைதி ஒப்பந்தத்தின் வாசகத்தை ஒரு முறை நிதானமாகப் படித்தால் விடை கிடைக்கும். ஆயுதக் குழுக்கள் இரண்டு ஆண்டில் ஒப்படைக்கும் என்று அதில் இல்லை. கையெழுத்திடும் கட்சிகள், 'தங்களுக்கு இருக்கக்கூடிய செல்வாக்கைப் பயன்படுத்தி', மக்கள் வாக்கெடுப்புக்குப் பின் இரண்டு ஆண்டில் எல்லா ஆயுதங்களும் களையப்பட உதவும் என்றுதான் இருக்கிறது. வாக்கெடுப்பு 1998 மே 22. ஆகவே கெடு 2000 மே 22. ஆனால் ஆயுதம் வைத்திருந்தவர் எவரும் கையெழுத்திடவில்லை. செல்வாக்கைப் பயன்படுத்தினோம், பலிக்கவில்லை என்று ஒரு கட்சி சொன்னால் ஒப்பந்தத்தை மீறியதாகாது.

கைதிகள் விடுதலைக்கும் அதே இரண்டு ஆண்டுதான் கணக்கு. போர்நிறுத்தத்தில் இருந்த குழுக்களின் 400-க்கும் மேற்பட்ட கைதிகள் 2000 ஜூலைக்குள் வெளியே வந்துவிட்டார்கள். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பந்தம் கட்டிப்போடவில்லை. கட்டியிருந்தால் ஒப்பந்தமே கையெழுத்தாகியிருக்காது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய ஒன்றை முதலிலேயே கொடுத்துவிட்ட பிறகு, வெறும் தேதிக்குப் பலம் இருக்காது.

அந்த இரண்டு ஆண்டில் ஒரே ஒரு குழு மட்டும் கொஞ்சம் கொடுத்தது. 1998 டிசம்பர் 18-ல் எல்.வி.எஃப். சில துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் குழாய் வெடிகுண்டுகளையும் கொண்டுவந்தது. தொலைக்காட்சிக் கேமரா முன்னால் அவை அறுக்கப்பட்டன. அதோடு சரி.

கெடு தவறினா அரசு என்னதான் செஞ்சுது?

ஆட்சியை நிறுத்திவைத்தது. விசித்திரமாகத் தோன்றும்; ஆனால் கையில் இருந்த ஒரே ஆயுதம் அதுதான். 1999 டிசம்பர் 2-ல் இரு தரப்பும் அமர்ந்த கூட்டு அமைச்சரவை பொறுப்பேற்றது. ஐ.ஆர்.ஏ.வுக்கு நெருக்கமான ஷின் ஃபெய்னுடன் அமர்வதற்காக, முதல் அமைச்சரும், பிரிட்டனோடு இருக்க விரும்பும் அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சியின் தலைவருமான டேவிட் டிரிம்பிள், பின்தேதியிட்ட ஒரு ராஜினாமா கடிதத்தைக் கட்சியிடம் கொடுத்திருந்தார். ஜனவரி இறுதியில் ஆயுதக் களைவு ஆணையம் 'இதுவரை ஒன்றும் வரவில்லை' என்று அறிக்கை தந்தது. கடிதம் நடைமுறைக்கு வரும் முன் பிரிட்டிஷ் அமைச்சர் பீட்டர் மாண்டெல்சன் 2000 பிப்ரவரி 11-ல் அமைச்சரவையையே நிறுத்திவைத்தார்.

மே 6-ல் ஐ.ஆர்.ஏ. ஆயுதங்களை 'முழுமையாகவும் சரிபார்க்கத்தக்க விதத்திலும் பயன்பாட்டுக்கு வெளியே' வைக்கும் வழியைத் தொடங்குவதாகச் சொன்னது. கெடு 2001 ஜூனுக்குத் தள்ளிப்போனது, ஆட்சி திரும்பியது. அந்த ஜூனும் போனது. ஜூலை 1-ல் டிரிம்பிள் நிஜமாகவே ராஜினாமா செய்தார். ஆறு வாரத்துக்குள் புதிய முதல் அமைச்சர் தேர்வாகாவிட்டால் தேர்தல் என்பது விதி. தேர்தலைத் தவிர்க்க, ஆகஸ்டில் ஒரு நாள், செப்டம்பரில் ஒரு நாள் என ஆட்சியை நிறுத்தித் திரும்பக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆறு வாரக் கடிகாரம் புதிதாக ஓடத் தொடங்கியது.

இந்தத் தண்டனையில் அடிப்படையான கோணல் ஒன்று உண்டு. தவறியது ஐ.ஆர்.ஏ.; பதவி போனதோ, ஆயுதமே தொடாத கட்சிகளின் அமைச்சர்களுக்கும் சேர்த்து. கெடுவை மீறியவருக்கு வலிக்காமல் பக்கத்தில் இருப்பவருக்கு வலித்தால், மீறியவர் அவசரப்பட மாட்டார்.

பதுக்கிய இடத்தை வெளிநாட்டுக்காரங்க வந்து பார்த்துட்டுப் போனாங்களாமே. பார்த்தா ஒப்படைச்ச மாதிரியா?

இல்லை, ஆனால் அது பயனுள்ள நடுப்படி. 2000 ஜூனில் ஃபின்லாந்து முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரியும் தென்னாப்பிரிக்காவின் சிரில் ராமபோசாவும் ஐ.ஆர்.ஏ.வின் சில கிடங்குகளைப் பார்த்தார்கள். அங்கிருந்த ஆயுதங்களைத் தெரியாமல் எடுக்க முடியாதபடி ஏற்பாடு செய்யப்பட்டிருப்பதாக அறிக்கை தந்தார்கள். அக்டோபரிலும் 2001 மேயிலும் திரும்பப் போய்ப் பார்த்து, எதுவும் அசையவில்லை என்று உறுதி செய்தார்கள்.

ஒரு குழுவுக்கு ஆயுதத்தை இழக்கத் துணிவு வரும் முன், அந்நியர் கண்ணில் அது படட்டும் என்ற துணிவு வர வேண்டும். இந்தப் படி அதற்கு. அதே அஹ்திசாரிதான் ஐந்து ஆண்டு கழித்து, மேலே சொன்ன அச்சே உடன்படிக்கையைப் பேசி முடித்தவர்.

கடைசில ஐ.ஆர்.ஏ. எப்போ கொடுத்துச்சு? ஒரு போட்டோகூட இல்லையே, எப்படி நம்புறது?

நான்கு தடவையாக: 2001 அக்டோபர் 23, 2002 ஏப்ரல், 2003 அக்டோபர் 21, பிறகு 2005 செப்டம்பரில் மொத்தமும். முதல் தடவை நடந்தபோது நாள்காட்டியில் கெடு எதுவும் இல்லை. டிரிம்பிள் விலகியதும், செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் ஐ.ஆர்.ஏ. மீதிருந்த அனுதாபம் வற்றியதும்தான் தள்ளின.

ரகசியம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு 2003 அக்டோபர் 21 பாடம். காலையில் தேர்தல் தேதி, பிறகு ஐ.ஆர்.ஏ. அறிக்கை, பிறகு ஆணையத் தலைவர் டி சாஸ்ட்லேன் பேட்டி, கடைசியில் டிரிம்பிள் வரவேற்பது என்று நாள் முழுக்க நிரல் போட்டிருந்தார்கள். முந்தைய முறையைவிட அதிகமாகக் களையப்பட்டது உண்மை. ஆனால் எத்தனை, என்ன வகை என்று சொல்ல டி சாஸ்ட்லேனுக்கு அனுமதி இல்லை. ரகசியம் காப்பதாக வாக்களித்திருந்தார். எண் இல்லாத அறிவிப்பை என் மக்களிடம் எப்படிக் கொண்டுபோவது என்று டிரிம்பிள் பின்வாங்கினார். ஒரே மாலையில் எல்லாம் கலைந்தது.

2004 டிசம்பரில், பிரிட்டனோடு இருக்க விரும்பும் இன்னொரு கட்சியான இயன் பெய்ஸ்லியின் கட்சி புகைப்படம் கேட்டது. அது எங்களை அவமானப்படுத்த என்று ஐ.ஆர்.ஏ. மறுத்தது. 2005 ஜூலை 28-ல் ஆயுதப் போராட்டம் முடிந்தது என்று அறிவித்த பிறகு, புகைப்படத்துக்குப் பதில் மனிதர்களை வைத்தார்கள்: மெதடிஸ்ட் போதகர் ஹாரல்ட் குட், கத்தோலிக்கப் பாதிரியார் அலெக் ரீட். ஆணையத்தினர் எண்ணி, எடைபோட்டு, பட்டியலிட்டு அழிப்பதை இருவரும் கூடவே இருந்து பார்த்தார்கள். செப்டம்பர் 26-ல் முடிவு அறிவிக்கப்பட்டது. புகைப்படம் கேட்டவர்களில் பலருக்கு அப்போதும் திருப்தி இல்லை. இருந்தாலும் 2007 மேயில் பெய்ஸ்லியே ஷின் ஃபெய்னுடன் ஆட்சியில் அமர்ந்தார்.

'மொத்தமும்'னு எப்படிச் சொல்றாங்க? நாலு துப்பாக்கியை ஒளிச்சு வெச்சா யாருக்குத் தெரியும்?

யாருக்கும் தெரியாது, நூறு சதவீதம் என்று நிரூபிக்க வழி கிடையாது. செய்யக்கூடியது ஒப்பீடுதான். பிரிட்டிஷ், அயர்லாந்துப் பாதுகாப்புத் துறைகள் ஐ.ஆர்.ஏ. கையிருப்பை மதிப்பிட்டு வைத்திருந்தன. 1980-களின் நடுவில் லிபியாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்தது, 1987-ல் பிரான்ஸ் கரையோரம் பிடிபட்ட எக்சுண்ட் கப்பலில் இருந்தது, இடையே போலீஸ் கைப்பற்றியது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். 2005-ல் அழிக்கப்பட்டவை அந்த மதிப்பீட்டோடு பொருந்தியதால்தான் ஆணையம் 'மொத்தமும்' என்றது. மறு ஆண்டு பிப்ரவரியில், குழுக்களின் நடவடிக்கையைக் கவனித்த வேறொரு கண்காணிப்பு ஆணையம், சில கைத்துப்பாக்கி போன்றவை தங்கியிருப்பதாகத் தகவல் வந்ததை மறைக்காமல் எழுதியது.

மதிப்பீடு இல்லாமல் கெடு வைத்தால், முடிந்த பிறகும் சண்டை முடியாது. 2001-ல் மாசிடோனியாவில் நேட்டோ முப்பது நாளில் 3,300 ஆயுதங்களைத் திரட்ட இலக்கு வைத்து 3,875 திரட்டியது. இலக்கைத் தாண்டியும், உண்மையில் இருந்தது பல மடங்கு என்ற பேச்சு ஓயவில்லை.

பணத்தை நிறுத்துவேன்னு மிரட்டினா வேலைக்கு ஆகாதா?

2007-ல் முயன்று பார்த்தார்கள். யு.டி.ஏ. சார்ந்த பகுதிகளைச் சண்டையிலிருந்து மாற்றும் திட்டத்துக்கு 12 லட்சம் பவுண்டு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகஸ்டில் அந்தக் குழுவினரின் வன்முறைக்குப் பிறகு, சமூக மேம்பாட்டு அமைச்சர் மார்கரெட் ரிட்சி 60 நாள் கெடு வைத்தார்: ஆயுதக் களைவு தொடங்காவிட்டால் பணம் கிடையாது. நாள் கடந்தது, ஒன்றும் வரவில்லை. அக்டோபர் 16-ல் அவர் சொன்னதைச் செய்தார்.

நெஞ்சுரத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இரண்டு ஓட்டை இருந்தது. பணம் போனது சமூகப் பணித் திட்டத்துக்கு, துப்பாக்கி இருந்தது வேறு கைகளில். அடுத்து, சக அமைச்சர்களின் ஒப்புதலை முறைப்படி பெறாமல் முடிவெடுத்ததால், 2009-ல் உயர் நீதிமன்றம் அது அமைச்சர்களுக்கான விதிகளை மீறியது, செல்லாது என்றது. கெடு வைப்பவருக்கு அதை நிறைவேற்றச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறதா என்பதை அறிவிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். 2007 நவம்பரில் யு.டி.ஏ. தன் ஆயுதப் பிரிவைக் கலைப்பதாகச் சொன்னது. ஆயுதத்தை மட்டும் தரவில்லை.

அப்புறம் லாயலிஸ்டுகள் எப்படிக் கொடுத்தாங்க? யார் வெச்ச கெடு அது?

இதுதான் பலித்த கெடு. மேலே சொன்ன 1997 சட்டத்தில் மன்னிப்புக்கு ஆயுள் உண்டு. அமைச்சர் ஆண்டுதோறும் ஆணை போட்டு நீட்டிக்க வேண்டும். அதற்கும் வெளி எல்லை 2002 என்று இருந்தது, பிறகு 2007, பிறகு 2010 பிப்ரவரி. பத்து ஆண்டுக்கு மேலாக அந்தக் கதவு திறந்தே கிடந்ததால், யாருக்கும் அவசரம் இல்லை.

2009 தொடக்கத்தில் கடைசி நீட்டிப்பைக் கேட்டபோது அமைச்சர் ஷான் வுட்வர்ட் ஒரு நிபந்தனை சேர்த்தார்: ஆகஸ்டுக்குள் கணிசமான முன்னேற்றம் தெரியாவிட்டால் ஓராண்டு முடியும் முன்பே மன்னிப்பை ரத்து செய்வேன். இது மிரட்டலை விடக் கணக்கு. மன்னிப்பு முடிந்த மறுநாள், ஒளித்து வைத்த ஒவ்வொரு துப்பாக்கியும் ரேகையோடும் பழைய வழக்கோடும் ஒருவரின் தலையில் விழும். யாருடைய தலையில் என்பது அந்தக் குழுவுக்கே நன்றாகத் தெரியும்.

ஜூன் 27-ல் யு.வி.எஃப். முடித்துவிட்டதாக அறிவித்தது, யு.டி.ஏ. தொடங்கிவிட்டதாகச் சொன்னது. 2010 ஜனவரி 6-ல் யு.டி.ஏ.வும் முடித்தது. மன்னிப்பு பிப்ரவரி 9-ல் முடிய இருந்தது. 8-ஆம் தேதி ஐ.என்.எல்.ஏ., பழைய அஃபிஷியல் ஐ.ஆர்.ஏ., யு.டி.ஏ.விலிருந்து பிரிந்த தென்கிழக்கு ஆன்ட்ரிம் பிரிவு ஆகியவை முடித்ததாகச் செய்தி வந்தது. ஒரு நாள் மிச்சம். இங்கே கெடு மீறினால் ஆட்சி கவிழாது, திட்டப் பணம் நிற்காது. மீறியவர் மட்டும் மாட்டுவார்.

எத்தனை நாள் கொடுக்கலாம்? குறைச்சலா கொடுத்தாத்தானே பயம் இருக்கும்?

நாளை நிர்ணயிக்க வேண்டியது வேலையின் அளவு, பயம் அல்ல. கொலம்பியாவில் ஃபார்க் இயக்கத்துக்கு 2016 டிசம்பர் 1-லிருந்து 180 நாள் வைத்தார்கள். போராளிகள் 26 முகாம்களுக்கு வந்து, ஐ.நா. குழு பதிவுசெய்து, கண்டெய்னரில் பூட்டுவது திட்டம். ஆட்கள் வந்தார்கள், முகாம்தான் தயாராக இல்லை. தண்ணீர், கூரை, சாலை எதுவும் சரியாக இல்லாத இடங்கள் பல. தாமதம் அரசுப் பக்கம் என்பதால் கூடுதல் நாள் கொடுத்தார்கள். தனிநபர் ஆயுதங்கள் 2017 ஜூன் இறுதியில் முடிந்தன. காட்டில் புதைத்தவற்றையும் சேர்த்து ஐ.நா.வின் இறுதிக் கணக்கு 8,994.

இருபது முப்பது நாள் தள்ளிப்போவதால் ஒன்றும் கெட்டுவிடாது. காரணம் என்ன, புதுத் தேதி எது என்று இரு தரப்பும் சேர்ந்து சொன்னால் போதும். காரணமே சொல்லாமல் தள்ளிப் பழக்கினால்தான் அடுத்த தேதியை யாரும் மதிக்க மாட்டார்கள்.

1987-ல நம்ம பக்கம் 72 மணி நேரம் கொடுத்தாங்களே, அது?

இலங்கை–இந்திய ஒப்பந்தம் ஜூலை 29-ல் கையெழுத்தானது. 48 மணி நேரத்தில் சண்டை நிறுத்தம், அதிலிருந்து 72 மணி நேரத்தில் ஆயுத ஒப்படைப்பும் ராணுவம் முகாமுக்குத் திரும்புவதும் முடிய வேண்டும் என்றது அது. முதல் கேள்விகளில் சொன்ன பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். ஆயுதம் வைத்திருந்த விடுதலைப் புலிகள் அல்ல. எத்தனை ஆயுதம் என்ற எண் இல்லை. சுயேச்சையான எண்ணிக்கைக் குழு இல்லை. ஐந்து நாளில் தீவு முழுக்க முடிகிற வேலையும் அல்ல.

இதைவிடக் கனமான குறை பாதுகாப்பு. ஆகஸ்ட் 4-ல் சுதுமலைக் கூட்டத்தில் பிரபாகரன் பேசியதன் சாரம், ஆயுதத்தை ஒப்படைப்பது என்பது மக்களைக் காக்கும் பொறுப்பை இந்தியாவிடம் ஒப்படைப்பது என்பதே. மறுநாள் பலாலியில் ஒப்படைப்பு தொடங்கி, பாதியில் நின்றது. அக்டோபர் 10-ல் இந்திய அமைதிப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. அதற்குப் பல காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் ஒரு கெடுவின் தலையில் கட்ட முடியாது. ஆனால் நிராயுதபாணியான பிறகு எங்களை யார் காப்பது என்ற கேள்விக்கு 72 மணி நேரத்தில் பதில் சொல்ல எந்த ஏற்பாடும் இல்லை.

அரசு பக்கம் நிக்கிற குழுவா இருந்தா? அதோட ஆயுதத்தை யார் களையிறது?

2002 பிப்ரவரி இலங்கைப் போர்நிறுத்த உடன்படிக்கையின் 1.8 பிரிவு இதைப் பற்றியது. தமிழ்த் துணைப்படைக் குழுக்களின் ஆயுதங்களை முப்பது நாளுக்குள் அரசே களைய வேண்டும். விரும்புகிறவர்களை வடக்கு கிழக்குக்கு வெளியே அரசுப் படையில் சேர்த்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு வழி காட்டியது இதில் நல்ல அம்சம். கொசோவோவில் 1999-ல் 90 நாள் கெடு ஓரளவு நடந்ததற்கும், போராளிகளில் ஒரு பகுதிக்குப் புதிய பாதுகாப்புப் படையில் இடம் இருந்தது முக்கியக் காரணம்.

ஆனால் 1.8-ல் கெடுவும் அரசுக்கு, கணக்கும் அரசிடம். எந்தக் குழுவில் எத்தனை பேர், எத்தனை ஆயுதம் என்று வெளியார் சரிபார்க்கும் பட்டியல் இல்லை. 2004-ல் புலிகளிலிருந்து கருணா பிரிந்தபோது, அந்த அணியும் இந்தப் பிரிவுக்குள் வருமா என்பதே வாக்குவாதமானது. 2006 பிப்ரவரியில் ஜெனீவாவில், அரசுப் படை தவிர வேறு ஆயுதக் குழு எதுவும் இயங்காமல் பார்த்துக்கொள்வதாக அரசு மறுபடி வாக்களிக்க நேர்ந்தது. முப்பது நாள் முடிந்து நான்கு ஆண்டு கழித்து.

ஒரு பிரிவு மட்டும் ஒத்துக்காம உடைஞ்சு போனா கெடு அவங்களுக்கும் செல்லுமா?

செல்லாது. ஐ.ஆர்.ஏ.விலிருந்து பிரிந்த ரியல் ஐ.ஆர்.ஏ. 1998 ஆகஸ்ட் 15-ல் ஓமா நகரில் வைத்த குண்டில் 29 பேர் இறந்தார்கள். அவர்களுக்குக் கைதி விடுதலையும் வேண்டாம், அமைச்சர் பதவியும் வேண்டாம். கெடுவில் கட்ட எந்தக் கயிறும் இல்லை. அப்படிப்பட்டவர்களைக் காவல்துறைதான் பார்க்க வேண்டும்.

தலைமை அவசரப்பட்டால் பிளவு பெரிதாகும், பிளவு எடுத்துச் செல்லும் ஆயுதமும் பெரிதாகும். ஐ.ஆர்.ஏ. 2005 வரை இழுத்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். முழுக்கச் சாக்கு என்றும் சொல்ல முடியாது, முழுக்க நியாயம் என்றும் ஏற்க முடியாது.

ஆயுதம் போயிட்டா குழுவும் போயிடுமா?

போகவில்லை. 2015 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட மதிப்பீடு, முக்கியக் குழுக்கள் எல்லாமே ஏதோ ஒரு வடிவில் இன்னும் இருப்பதாகச் சொன்னது. வசூல், போதைப்பொருள், 'தண்டனை' அடி என்று தெருவில் அவர்கள் கை இன்னும் நீள்கிறது. அதைக் கண்காணிக்க 2017-ல் தனி ஆணையம் அமைக்க வேண்டியிருந்தது. துப்பாக்கியை எண்ணியது போல ஓர் ஊரின் பயத்தை எண்ண முடியாது. ஆயுதக் கெடுவோடு குழுவைக் கலைக்கும் கெடுவையும் சேர்த்திருக்க வேண்டும் என்று அங்கே பாதிக்கப்படும் குடும்பங்கள் சொல்வதை நாங்களும் ஏற்கிறோம்.

இப்போ அங்கே ஒருத்தர் பரண்ல பழைய துப்பாக்கியைக் கண்டுபிடிச்சா?

2010 பிப்ரவரி 9-க்குப் பிறகு அந்தச் சட்டத்தின் மன்னிப்பு எதுவும் இல்லை. ஆணையமும் 2011 மார்ச்சில் மூடப்பட்டது. காவல்துறையிடம் போனால் சாதாரணத் துப்பாக்கிச் சட்டம்தான்: எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், தடயச் சோதனைக்கு அனுப்பலாம், பழைய வழக்கோடு பொருந்தினால் சாட்சியமாகலாம்.